சுட்டெரிக்கும் ஆற்றங்கரையில் நல்ல ஒயின் வருமா?

கேள்வி இது: "எனக்குச் சொந்த ஊர் கம்பம் பக்கம். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் பன்னீர் திராட்சை விளைவதைப் பார்த்து வளர்ந்தவன். இப்போது அடிலெய்டில் இருக்கிறேன். பரோசா, கூனவாரா ஒயின்களைப் பற்றிப் பெருமையாகப் பேசுபவர்கள்கூட ரிவர்லேண்ட் என்றதும் 'அது பெட்டி ஒயின்' என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். கொளுத்தும் வெயிலும் பாசனத் தண்ணீரும் உள்ள இடத்தில் நல்ல ஒயின் வராதா? வாங்குவதென்றால் எதை வாங்குவது?"

வரும். பெர்ரி என்ற ஊருக்கு அருகே ஓர் ஒயின் ஆலையில் ஆறு அறுவடைக் காலம் வேலை செய்துவிட்டு, இப்போது அதே வட்டாரத் தோட்டங்களில் பாசனத்தைக் கவனிக்கும் வேலையில் இருக்கிறேன். அதனால் ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. வெயிலையும் ஆற்று நீரையும் குறை சொல்பவர்கள் பழியை இடம் மாற்றிப் போடுகிறார்கள். ரிவர்லேண்டில் ஒயினின் குணத்தைத் தீர்மானிப்பது வால்வைத் திறந்து மூடும் கை. அந்தக் கையை இயக்குவது, திராட்சைக்கு எந்தக் கணக்கில் பணம் தருகிறார்கள் என்பது.

முதலில் இடத்தைப் பற்றி. மர்ரே ஆறு விக்டோரியா எல்லையைத் தாண்டித் தென் ஆஸ்திரேலியாவுக்குள் நுழைந்து, மார்கன் பக்கம் தெற்கே திரும்பி ப்ளாஞ்ச்டவுனை அடையும் வரை உள்ள கரைப்பகுதிதான் ரிவர்லேண்ட். ரென்மார்க், பெர்ரி, லாக்ஸ்டன், பார்மேரா, வைக்கேரி ஆகியவை அதன் ஊர்கள். ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறக்குறைய 250 மில்லிமீட்டர்தான். நம் ஊரில் வடகிழக்குப் பருவமழை ஒரே வாரத்தில் அதைக் கொட்டிவிட்டுப் போவதுண்டு. ஜனவரியில் பகல் வெப்பம் சராசரியாக 32, 33 டிகிரி. 45ஐத் தொடும் நாள்களும் உண்டு. செம்மணல், அதற்கடியில் சுண்ணாம்புக்கல், மேலே மல்லி என்று அழைக்கப்படும் குட்டை யூகலிப்டஸ் புதர். ஆற்றை எடுத்துவிட்டால் அங்கே ஒரு கொடிகூட நிற்காது. இந்த இடம்தான் தென் ஆஸ்திரேலியாவின் ஒயின் திராட்சையில் பாதிக்கும் மேல் தருகிறது. நாடு முழுவதற்குமான கணக்கில் ஏறக்குறைய கால் பங்கு.

பெட்டி ஒயின் என்ற பெயர் எப்படி வந்தது என்பதற்குக் கொஞ்சம் பழைய கதை வேண்டும். விக்டோரியா அமைச்சராக இருந்த ஆல்ஃபிரட் டீக்கின் 1885இல் கலிபோர்னியாவின் பாசனக் குடியிருப்புகளைப் பார்க்கப் போனார். அங்கே பாலைநிலத்தைப் பழத்தோட்டமாக்கிக் காட்டியிருந்த ஜார்ஜ் சாஃபி, வில்லியம் சாஃபி என்ற கனடாக்காரச் சகோதரர்களை அந்தப் பயணம் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்தது. 1887இல் மில்டூராவும் ரென்மார்க்கும் பிறந்தன. ஆறு பள்ளத்தில் ஓடுகிறது, நிலம் மேட்டில் இருக்கிறது. அதனால் நீராவி எஞ்சின்களை வைத்துத் தண்ணீரை மேலே ஏற்றி, மண் வாய்க்கால்களில் விட்டார்கள். யாப்பி என்ற நன்னீர்ச் சிங்கியிறால் அந்த வாய்க்கால் கரைகளைத் துளைத்துத் தண்ணீரை ஒழுக விட்டது. கோடையில் ஆறு வற்றியபோது படகு வரவில்லை. பறித்த பழம் கரையிலேயே அழுகியது. 1890களின் பொருளாதார வீழ்ச்சியும் சேர்ந்து 1895இல் சாஃபி நிறுவனத்தை மூழ்கடித்தது. அதே 1895இல்தான் பென்னிகுயிக் கட்டிய பெரியாறு அணை திறக்கப்பட்டு, உங்கள் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் வந்தது. ரென்மார்க் விவசாயிகள் அதற்குள் 1893இலேயே பாசனத்தை நடத்தத் தங்களுக்கென ஓர் அறக்கட்டளையை அமைத்திருந்தார்கள். அது இன்றும் நடக்கிறது.

இரண்டு உலகப் போர்களுக்குப் பிறகும் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு இங்கே சிறு சிறு துண்டுகளாக நிலம் கொடுத்தார்கள். சிறு துண்டு நிலத்தில் குடும்பம் பிழைக்க வேண்டுமென்றால் எடை வேண்டும். அன்று விளைந்த சுல்தானா உலர்திராட்சைக்குப் போனது. கோர்டோ, டொராடில்லோ என்ற ரகங்கள் பிராந்தி வடிக்கவும், ஆல்கஹால் சேர்த்து வலுவூட்டிய இனிப்பு ஒயினுக்கும் போயின. வடிசாலைக்கு நிறம் வேண்டாம், மென்மையான வாசனையும் வேண்டாம். சர்க்கரையும் சாறும் போதும். ஆகவே "நன்றாகத் தண்ணீர் விடு, நன்றாகக் காய்க்க விடு" என்ற பழக்கம் மூன்று தலைமுறைக்கு ஊறிவிட்டது. 1960களுக்குப் பிறகு நாடு முழுவதும் சாதாரண மேசை ஒயினுக்கு மாறியபோது பழம் மாறியது, பழக்கம் மாறவில்லை. 1965இல் ரென்மார்க்கில் ஆலை நடத்திவந்த தாமஸ் அங்கோவ், பிளாஸ்டிக் பையில் ஒயினை நிரப்பி அட்டைப் பெட்டிக்குள் வைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். முதலில் பையின் மூலையை வெட்டி ஊற்றிவிட்டுக் கவ்வியால் இறுக்க வேண்டியிருந்தது. குழாய் பின்னால் வந்தது. ஒயின் குறையக் குறையப் பை சுருங்குவதால் காற்று உள்ளே போகாது. எளிய மக்கள் ஒரு நாளைக்கு ஒரு கோப்பை என்று குடிக்க அதைவிட நல்ல வழி இன்னும் வரவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தப் பெட்டி ஊர்ப் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

இனித் தண்ணீர். நான் விரிவாகச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

மழையை நம்பும் தோட்டத்தில் கொடிக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது என்பது மேகத்தின் கையில் இருக்கிறது. ரிவர்லேண்டில் கோடை முழுவதும் மழை ஏறக்குறைய இல்லை. ஒரு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 5 முதல் 8 மெகாலிட்டர் (ஒரு மெகாலிட்டர் பத்து லட்சம் லிட்டர்) சொட்டுநீர்க் குழாய் வழியாகப் போகிறது. அதில் ஒவ்வொரு மணி நேரத்தையும் நாம்தான் முடிவு செய்கிறோம். பரோசாக்காரருக்கு முழுதாகக் கிடைக்காத அதிகாரம் இது. அதைத் தவறாகப் பயன்படுத்தினால் நீர்த்த ஒயின். சரியாகப் பயன்படுத்தினால் மழைக்காரர் பொறாமைப்படும் பழம்.

சிவப்பு ஒயினின் நிறமும் துவர்ப்பும் தோலில்தான் இருக்கின்றன. சதை வெறும் சர்க்கரைத் தண்ணீர். காய் பெரிதானால் சதை கூடும், தோலின் பங்கு குறையும். காய் எவ்வளவு பெரிதாகும் என்பது பெரும்பாலும் பூ பிஞ்சாக மாறியதிலிருந்து காய் நிறம் மாறத் தொடங்கும் வரை உள்ள சில வாரங்களில், அதாவது நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் கடைசிக்குள், முடிவாகிவிடுகிறது. அந்த வாரங்களில் தண்ணீரைக் குறைத்தால் காய் சிறுத்து நிற்கும், கொடியும் இலையாக ஓடாது. நிறம் மாறிய பிறகு மீண்டும் போதுமான தண்ணீர் தர வேண்டும். அப்போது பட்டினி போட்டால் இலை உதிர்ந்து பழம் வெயிலில் வெந்துவிடும். இந்தக் கணக்கிட்ட குறைப்பை முதலில் பீச், பேரி மரங்களில் செய்து பார்த்தவர்கள் விக்டோரியாவின் டாடூரா ஆய்வு நிலையத்தார். திராட்சைக்கு அது அங்கிருந்து வந்தது. இது சிவப்பு ரகங்களுக்கான வழி. வெள்ளை ரகங்களைத் தாகத்தில் விட்டால் வாசனை போய்க் கசப்பு ஏறும். அவற்றிடம் இந்த வேலை வேண்டாம்.

1990களில் அடிலெய்டில் பீட்டர் ட்ரை, பிரையன் லவ்விஸ் ஆகியோர் இன்னொரு வழியைக் காட்டினார்கள். கொடியின் இரு பக்கமும் தனித்தனிக் குழாய். ஒரு பக்க வேரை நனைக்கும்போது மறுபக்க வேரைக் காய விடுவது, சில நாள் கழித்து மாற்றுவது. காயும் வேர் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோனை இலைக்கு அனுப்புகிறது. இலைத்துளைகள் பாதி மூடுகின்றன. ஈரமான பக்கம் கொடியை வாடாமல் காக்கிறது. கொடியைத் தாகமென்று நம்பவைத்துத் தண்ணீரைச் சேமிக்கும் வேலை இது. நன்மையின் பெரும்பங்கு தண்ணீர் குறைந்ததாலேயே வந்தது என்று பிறகு வாதிட்டவர்களும் உண்டு. இரட்டைக் குழாய்க்குச் செலவும் அதிகம். ஆனாலும் வேர் இலையோடு பேசுகிறது என்று இந்த வட்டார விவசாயிகள் புரிந்துகொண்டது அந்தச் சோதனைகளால்தான்.

தோட்டத்தில் இறங்கியதும் நான் மீட்டரைப் பார்ப்பதற்கு முன் பற்றுக்கம்பியை, அதாவது கொடி பற்றி ஏற விடும் சுருளை, பார்ப்பேன். கொடி நுனியைத் தாண்டிப் பற்றுக்கம்பி நீண்டு விறைத்து நின்றால் தண்ணீர் ஏராளம். தொங்கினால் தாகம் தொடங்கிவிட்டது. உதிர்ந்திருந்தால் நுனி வளர்ச்சி நின்றுவிட்டது. பிற்பகல் 2 மணிக்கு வெயில் படும் ஓர் இலையை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துப் பார்ப்பேன். குளிர்ந்திருந்தால் இலை நீராவி விட்டுக்கொண்டிருக்கிறது. நெற்றி போலச் சுட்டால் துளையை மூடிக்கொண்டு தன்னைக் காத்துக்கொண்டிருக்கிறது. பிறகு மண்வெட்டியால் முழங்கை ஆழம் தோண்டி மண்ணை உருட்டிப் பார்ப்பேன். கருவிகள் இதையெல்லாம் எண்ணாகச் சொல்லும். ஆனால் ஒரு வரிசையில் குழாய் அடைத்திருப்பதை எந்தக் கருவியும் எனக்குச் சொன்னதில்லை, பற்றுக்கம்பி சொல்லியிருக்கிறது.

வெயிலடிக்கும் வாரம் வருகிறது என்றால், வருவதற்கு முந்தைய இரண்டு இரவுகளில் தண்ணீர் விட்டுவிட வேண்டும். வெயில் வந்த பிறகு விடும் தண்ணீர் வாடிய பழத்தைத் திரும்பக் கொண்டுவராது. வரிசைகள் பெரும்பாலும் வடக்குத் தெற்காக ஓடுவதால் மாலை வெயில் மேற்குப் பக்கக் குலைகளை நேராகச் சுடுகிறது. நேர் வெயிலில் உள்ள பழம் காற்றைவிட 10 டிகிரிக்கும் மேல் சூடாகிவிடும். அதனால் மேற்குப் பக்க இலைகளைக் கிள்ளாமல் விடுவோம். கம்பத்துப் பந்தலின் அருமை எனக்கு இங்கே வந்த பிறகுதான் விளங்கியது: குலை நிழலில் தொங்குகிறது, இலை வெயிலைத் தாங்குகிறது. ஆனால் அறுவடை இயந்திரம் பந்தலுக்குள் நுழையாது. இங்கே ஏறக்குறைய எல்லாமே இயந்திர அறுவடை என்பதால் கம்பிவேலியில்தான் கொடி ஓடுகிறது. கவாத்துக்கூடப் பல தோட்டங்களில் இயந்திரம்தான். மில்டூராவுக்குப் பக்கத்திலுள்ள மெர்பீன் ஆய்வு நிலையம் கவாத்தையே குறைத்துவிடும் முறையை உருவாக்கிக் காட்டியது.

கம்பத்து வெயிலை வைத்து இந்த வெயிலை எடைபோட வேண்டாம். நம் ஊரில் குளிர்காலம் இல்லாததால் கொடி தூங்குவதில்லை. கவாத்து செய்தால் துளிர்க்கிறது, ஆண்டில் பல முறை அறுவடை வருகிறது. ரிவர்லேண்டில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கொடி மொட்டையாகத் தூங்குகிறது. ஆண்டுக்கு ஒரே அறுவடை, ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை. கோடையிலும் இரவு 16, 17 டிகிரிக்கு இறங்கிவிடும், காற்று உலர்ந்திருக்கும். அடிச்சாம்பல் நோயும் அழுகலும் நம் ஊரில் விவசாயியின் உறக்கத்தைக் கெடுப்பதுபோல இங்கே பெரும்பாலான ஆண்டுகளில் கெடுப்பதில்லை. விதிவிலக்கு 2022ஆம் ஆண்டின் ஈரமான வசந்தம். அந்த ஆண்டு முடிவில் 1956க்குப் பிறகு பெரிய வெள்ளமும் வந்தது.

சூட்டினால் உண்மையாகவே வரும் கேடு ஒன்று உண்டு. திராட்சையில் இரண்டு முக்கிய அமிலங்கள்: டார்டாரிக், மாலிக். சூடான இரவுகளிலும் பகல்களிலும் பழம் மாலிக் அமிலத்தைத் தன் மூச்சுக்கே எரித்துத் தீர்த்துவிடுகிறது. அதோடு மண்ணிலிருந்து வரும் பொட்டாசியம் சேர்ந்து சாற்றின் பி.எச். அளவை உயர்த்துகிறது; அது உயர்ந்தால் புளிப்பு குறைகிறது என்று பொருள். வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் தோலில் நிறம் ஊறுவதும் குறைகிறது. ஷிராஸ் என்ற சிவப்பு ரகம் சர்க்கரையில் பழுத்து நிற்கும்போது பி.எச். 3.8 காட்டுவது சாதாரணம். இது நாக்குக்கு மட்டும் கேடு என்று நினைக்க வேண்டாம். ஒயினைக் கிருமியிலிருந்து காக்கும் கந்தக டை ஆக்சைடு, பி.எச். 3.3இல் செய்யும் வேலையை 3.8இல் செய்ய ஏறக்குறைய மூன்று மடங்கு வேண்டும். அமிலம் குறைந்த ஒயின் தட்டையாகவும் இருக்கும், சீக்கிரம் கெட்டும் போகும். ஆகவே நொதிக்கும் முன்பே டார்டாரிக் அமிலம் சேர்க்கிறோம். லிட்டருக்கு 1 கிராம் சேர்த்தால் பி.எச். ஏறக்குறைய 0.1 இறங்கும் என்பது கைக்கணக்கு. ஆஸ்திரேலியச் சட்டம் இதை அனுமதிக்கிறது. குளிர்நாடுகளில் செய்வதுபோல் சர்க்கரை சேர்த்து ஆல்கஹாலைக் கூட்டுவதை அனுமதிப்பதில்லை. எங்களுக்குச் சர்க்கரைக்குப் பஞ்சம் வந்ததும் இல்லை. அமிலம் சேர்ப்பதை மோசடி என்று பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. திராட்சையில் இருக்கும் அதே அமிலம்தான் அது. கடைசி நேரத்தில் கொட்டினால் நாக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். நொதிப்பதற்கு முன் சேர்த்தால் ஒயினோடு கலந்துவிடும்.

இன்னொரு காப்பு, இரவு. நள்ளிரவில் தோட்டத்தில் இயந்திரம் ஓடத் தொடங்கும். கொடி வரிசைக்கு இருபுறமும் கால் பரப்பி நிற்கும் உயரமான வண்டி அது. கொடியை உலுக்கி மணிகளை மட்டும் உதிர்க்கும், காம்பு கொடியிலேயே நிற்கும். இரவு 2 மணிக்கு எடைமேடைக்கு வரும் லாரியில் பழத்தின் வெப்பம் 18, 19 டிகிரி. அதே பழத்தைப் பிற்பகலில் பறித்தால் 35க்கு மேல் இருக்கும். சூடான பழச்சாறு காற்றுப்பட்டதும் ஆப்பிளை வெட்டி வைத்தாற்போலப் பழுப்பாகிவிடும், காட்டு ஈஸ்ட்டுகளும் தாமாக வேலையைத் தொடங்கிவிடும். நான் தொட்டிக்கூடத்தில் இருந்த முதல் ஆண்டு, இயந்திரக் கோளாறால் ஒரு லாரி ஷார்டனே என்ற வெள்ளை ரகம் காலை 11 மணிக்கு வந்து சேர்ந்தது. மூடியைத் திறந்தபோதே புளித்த வாடை. அன்று அதிகாலை 2 மணிக்கே வந்திருந்த அடுத்த தோட்டத்துச் சாறு பச்சை ஆப்பிளும் எலுமிச்சைத் தோலுமாக மணந்தது. ஒரே மண், ஒரே ரகம், ஒன்பது மணி நேர வித்தியாசம். சாற்றைக் குளிர்விப்பானில் ஓட்டி, வெள்ளையை எஃகுத் தொட்டியில் 12 முதல் 16 டிகிரிக்குள் மெதுவாக நொதிக்க விட்டால் அந்த வாசனை தங்கும். குளிர்பதனம் இல்லாத காலத்தில் இந்த ஊர் இனிப்பு ஒயினும் பிராந்தியும் செய்தது சோம்பலால் அல்ல. அந்த வெப்பத்தில் அதுதான் கெடாமல் நின்றது.

ரகம் பற்றி எனக்குக் கொஞ்சம் மன வருத்தம் உண்டு. உலகம் கேட்கிறது என்பதற்காக ஷிராஸ், ஷார்டனே, கபர்னே மூன்றையும் ஹெக்டேர் ஹெக்டேராக நட்டுவிட்டார்கள். இந்த வெயிலுக்கு என்றே பிறந்த ரகங்கள் மத்தியதரைக் கடலோரத்தில் காத்திருந்தன. சிசிலியின் நேரோ தாவோலா, தென் இத்தாலியின் ஃபியானோ, சார்டினியாவின் வெர்மென்டினோ ஆகியவை சூட்டிலும் அமிலத்தை விட்டுக்கொடுப்பதில்லை. பிரான்சின் போர்தோவில் பல ஆண்டு பழுக்காமலே போகும் பெத்தி வெர்டோ என்ற சிவப்பு ரகம், இங்கே முழுதாகப் பழுத்துக் கருநீலமாக நிற்கிறது, புளிப்பும் குறைவதில்லை. மெர்பீனில் ஆலன் ஆன்ட்க்ளிஃப் 1965இல் போர்த்துகலின் டூரிகாவையும் சுல்தானாவையும் கலந்து டாராங்கோ என்ற ரகத்தையே உருவாக்கினார். வெயில் ஊருக்கென்று இலேசான, புளிப்புள்ள சிவப்பு ஒயின் தரும் ரகம் அது. அந்த வழியில் இன்னும் வேகமாகப் போயிருக்க வேண்டும். கம்பத்துப் பன்னீர் திராட்சையைப் பற்றி நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன்: 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அது மஸ்கட் ஹாம்பர்க் ரகம். வாசனை ஏராளம், தோலில் நிறமும் துவர்ப்பும் குறைவு. அதில் கனமான சிவப்பு ஒயினைத் தேட வேண்டாம். இளஞ்சிவப்பான இனிப்பு ஒயினுக்கு ஏற்றது.

உப்பைச் சொல்லாமல் இந்த ஆற்றைப் பற்றிப் பேச முடியாது. மர்ரே படுகை பழங்காலத்தில் கடல் புகுந்த நிலம்; அடியில் உள்ள நிலத்தடி நீர் பல இடங்களில் கடல்நீர் அளவுக்கு உவர்ப்பு. மல்லிப் புதரை வெட்டியதாலும் வாய்க்கால் பாசனத்தில் மிஞ்சிய தண்ணீர் கீழே இறங்கியதாலும் அந்த உவர்நீர் மேலெழுந்து ஆற்றுக்குள் கசிந்தது. பழைய தோட்டங்களில் சால் பாய்ச்சி நீரில் நிறுத்திய கொடிகளின் இலை ஓரம் கருகியது இதனால்தான். இப்போது வைக்கேரி, வூல்பண்டா, லாக்ஸ்டன் பகுதிகளில் ஆற்றோரம் ஆழ்துளைக் கிணறுகளை வரிசையாகப் போட்டு, உவர்நீர் ஆற்றை அடைவதற்கு முன்பே உறிஞ்சி, உள்ளே தள்ளியுள்ள பள்ளங்களில் ஆவியாக விடுகிறார்கள். மார்கன் என்ற ஊரில் ஆற்று நீரின் உவர்ப்பு, ஆண்டின் 95 சதவீத நேரம் 800 அலகுக்குள் இருக்க வேண்டும் என்பது இலக்கு. தோட்டத்துக்குள் எங்கள் பங்கு, ராம்சே போன்ற வேர்ச்செடிகளில் ஒட்டுக்கட்டுவது. அவை குளோரைடை மேலே ஏற விடுவதில்லை, நூற்புழுவையும் தாங்கும். உப்பேறிய கொடியின் ஒயினை ஒருமுறை சுவைத்தவருக்கு அது மறக்காது. நாக்கின் ஓரத்தில் கண்ணீர் போல ஒட்டிக்கொள்ளும். தண்ணீரைக் குறைக்கக் குறைக்க மண்ணில் உப்புச் சேரும் என்பதால் குளிர்காலத்தில் ஒருமுறை கழுவவும் வேண்டும். குறைப்பதிலும் இந்த அளவு தெரிய வேண்டும்.

1997 முதல் 2009 வரை நீடித்த பெரும் வறட்சியில், 2008-09ஆம் ஆண்டு தென் ஆஸ்திரேலியப் பாசனக்காரர்களுக்கு உரிமையில் 18 சதவீதத் தண்ணீர்தான் கிடைத்தது. தண்ணீர் உரிமை நிலத்திலிருந்து பிரிக்கப்பட்டுச் சந்தையில் விற்கப்படும் பொருளாகிவிட்டதால் பணமுள்ளவர் வாங்கிப் பிழைத்தார், மற்றவர் கொடியைக் காய விட்டார். எவ்வளவு குறைந்த தண்ணீரில் கொடி உயிரோடு இருக்கும் என்பதை இந்த ஊர் கற்றது அப்போதுதான். எந்த வகுப்பறையும் அப்படிக் கற்றுத்தராது.

இப்போது அந்தக் கையை இயக்கும் பணத்துக்கு வருகிறேன். ரிவர்லேண்டில் பெரும்பாலான திராட்சை பெரிய ஆலைகளுக்கு டன் கணக்கில் போகிறது. குறைந்தபட்சச் சர்க்கரை அளவு இருக்க வேண்டும்; அதற்கு மேல் எடைதான் பணம். ஹெக்டேருக்கு 25 டன் எடுப்பவருக்கும் அதில் பாதி எடுத்து இரு மடங்கு நிறம் கொடுப்பவருக்கும் டன் விலை ஒன்று என்றால், யார் வால்வை மூடுவார்? லாக்ஸ்டன் பக்கம் ஒரு விவசாயி என் பேச்சைக் கேட்டு ஒரு ஷிராஸ் துண்டில் நவம்பர், டிசம்பர் தண்ணீரைக் குறைத்தார். வழக்கமாக 26 டன் வரும் இடத்தில் ஹெக்டேருக்கு 14 டன். மணி பட்டாணி அளவு, விதை காப்பிக்கொட்டை நிறத்தில் மொறுமொறுத்தது, நசுக்கிய விரல் இரண்டு நாள் ஊதாவாக இருந்தது. அவர் பழம் கொடுத்த ஆலை அதை அன்று வந்த மற்ற லாரிகளோடு ஒரே தொட்டியில் கொட்டியது; அதே டன் விலையையே கொடுத்தது. அடுத்த ஆண்டு அவர் வால்வைத் திறந்துவிட்டார். அவரை நான் தடுக்கவில்லை. தடுக்க எனக்கு உரிமையும் இல்லை. அந்த ஷிராஸ் தனியாக நின்றிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதை இன்றும் நினைக்கிறேன்.

2020 நவம்பரில் சீனா ஆஸ்திரேலிய ஒயின் மீது வரி போட்டது. மறு ஆண்டு அது 218 சதவீதம் வரை உறுதியாகி, 2024 மார்ச்சில்தான் நீங்கியது. அதற்குள் தொட்டிகள் சிவப்பு ஒயினால் நிரம்பி வழிந்தன. டன்னுக்கு 200 டாலருக்கும் கீழே விலை கேட்கப்பட்டது. அது பறிப்பதற்கும் தண்ணீருக்குமே கட்டாது. நல்ல கொடிகளைப் பிடுங்கிக் குவித்து எரிப்பதை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போவது வேதனையாக இருந்தது. அந்தக் குவியல்களில் வெயிலால் தோற்ற கொடி ஒன்றுகூட இல்லை.

வெப்பமும் பாசனமும் உள்ள இடத்தில் உயர்ந்த ஒயின் வந்ததற்குச் சான்று வேண்டுமென்றால் கிழக்கே ரிவரினாவைப் பாருங்கள். மர்ரம்பிட்ஜி ஆற்றுப் பாசனத்தில் உருவான கிரிஃபித் ஊர் அங்கே இருக்கிறது. 1982இல் டி போர்டொலி ஆலை, கொடியிலேயே விடப்பட்டு நல்லழுகல் பூஞ்சை பிடித்துச் சுண்டிய செமியோன் திராட்சையில் நோபிள் ஒன் என்ற இனிப்பு ஒயினைச் செய்தது. அது உலகப் போட்டிகளில் பிரான்சின் சோதெர்னோடு சேர்த்துப் பேசப்படும் ஒயினாயிற்று. கோடை முழுக்க உலர்ந்து கிடக்கும் ஊரில் இலையுதிர்காலத்தின் ஈரக்காற்று சரியான நேரத்தில் வருகிறது. பழத்தை அதுவரை பொறுத்து விட்டுவைக்க ஒருவர் துணிந்தார்.

வாங்குவது பற்றி. முதலில் புட்டியில் ஒட்டிய சீட்டைப் படியுங்கள். "தென்கிழக்கு ஆஸ்திரேலியா" என்று போட்டிருந்தால் அது மாநிலங்களைக் கடந்த மிகப் பெரிய வட்டாரம். ரிவர்லேண்ட் பழம் பெயரில்லாமல் போய்ச் சேரும் இடம் அதுதான். "ரிவர்லேண்ட்" என்றே போட்டிருந்தால் குறைந்தது 85 சதவீதம் அங்கு விளைந்ததாக இருக்க வேண்டும், அந்தப் பெயரைப் போட ஓர் ஆலை முன்வந்திருக்கிறது என்றும் பொருள். அதில் ஃபியானோ அல்லது வெர்மென்டினோ ஒன்றை, கடந்த இரண்டு ஆண்டுக்குள் விளைந்ததாகப் பார்த்து எடுத்து, நன்றாகக் குளிரவைத்து, வறுத்த மீனோடு குடித்துப் பாருங்கள். சிவப்பில் நேரோ தாவோலாவைக் கால் மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு எடுங்கள். பெத்தி வெர்டோவை ஆட்டுக்கறிக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதன் புளிப்பு மிளகையும் கொழுப்பையும் தாங்கும். பெட்டி ஒயினையும் ஒதுக்க வேண்டாம். ஆனால் பிளாஸ்டிக் பை கண்ணாடி போலக் காற்றை முழுதாகத் தடுக்காது. ஆகவே பெட்டியில் அச்சிட்ட தேதியைப் பார்த்து, நிரப்பிச் சில மாதங்களுக்குள் உள்ளதை எடுங்கள். திறந்த பிறகு குளிர்பெட்டியில் வைத்தால் சில வாரங்கள் நன்றாக இருக்கும்.